பிம்ப் சி: விளம்பரமே இல்லாமல் விற்ற இசையும் மூச்சு நின்ற இரவும்

1996 ஜூலை 30 அன்று யூ.ஜி.கே. என்ற இருவர் ராப் குழுவின் மூன்றாவது ஆல்பம் 'ரைடின் டர்ட்டி' அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதற்கு வீடியோ எடுக்கவில்லை. வானொலிக்கென்று ஒரு தனிப்பாட்டுகூட வெளியிடவில்லை. நியூயார்க்கில் இருந்த நிறுவனம் அதைக் கடையில் வைத்ததோடு சரி. ஆனாலும் அது அமெரிக்க இசை விற்பனையைக் கணக்கிடும் பில்போர்ட் பத்திரிகையின் ஆர் அண்ட் பி பட்டியலில் 2ஆம் இடத்துக்கும், எல்லா இசையும் சேர்ந்த பொதுப் பட்டியலில் 15ஆம் இடத்துக்கும் போனது. நாளடைவில் 5 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. தொலைக்காட்சியில் வராத, வானொலியில் அரிதாகக் கேட்ட ஒரு ஆல்பத்தை அத்தனை பேர் எப்படித் தேடிப் போய் வாங்கினார்கள்?

குழுவின் பாதியும் அதன் இசைமூளையுமாக இருந்த பிம்ப் சியின் வாழ்க்கையை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கவே விரும்புகிறேன். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சிறையில் ஆரம்பித்து இருமல் மருந்தில் முடித்துவிடுகிறார்கள். இரண்டும் நடந்தவைதான், இந்த ஆய்விலும் இரண்டும் வருகின்றன. ஆனால் அவர் முதலில் ஒரு இசைக்காரர். பாத்திரம் பண்டம்போல வாத்தியங்கள் புழங்கிய வீட்டில் வளர்ந்தவர். விளம்பரம் செய்யத் தவறிய வேலையை அந்த இசை செய்தது. அதைக் கேட்காமல் மரணத்தை மட்டும் பேசினால், போனது என்ன என்று நமக்கே தெரியாது.

எண்ணெய் ஊர்

போர்ட் ஆர்தர், டெக்சாஸ் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் வளைகுடாவை ஒட்டி இருக்கிறது. லூசியானா எல்லை மிக அருகில். மேற்கே சுமார் 145 கிலோமீட்டர் போனால் ஹூஸ்டன். 1901 ஜனவரியில் பக்கத்து நகரமான போமான்ட் அருகே ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டு அடித்தது. அதைத் தொடர்ந்து கல்ஃப், டெக்சாகோ நிறுவனங்களின் சுத்திகரிப்பு ஆலைகள் போர்ட் ஆர்தரில் எழுந்தன. ஆலை வேலையை நம்பி லூசியானாவிலிருந்து கிரியோல் குடும்பங்கள் குடிபெயர்ந்து வந்தன. கூடவே அவர்களுடைய சமையலும் தேவாலயப் பாட்டும் அக்கார்டியனும் வந்தன. ஸைடிகோ என்ற கிரியோல் மக்களின் அக்கார்டியன் இசையின் மன்னர் எனப்படும் கிளிஃப்டன் ஷெனியர் இந்த ஊர் ஆலையில் உழைத்தவர். ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் பிறந்ததும் இங்கேதான். 1990இல்கூட அறுபதாயிரம் பேரை எட்டாத ஊருக்கு இது பெரிய கணக்கு.

1980களின் நடுவில் எண்ணெய் விலை சரிந்தது. ஆலைகள் ஆட்களைக் குறைத்தன. கறுப்பின மக்கள் ஆலைச் சுவரை ஒட்டி வாழ்ந்த மேற்குப் பகுதிக்கு அடி பலமாக விழுந்தது. வேலை போன தெருக்களில் கிராக் கொக்கெய்ன் வந்து இறங்கியது. யூ.ஜி.கே.யின் பாடல்களில் வரும் உலகம் இதுதான்: ஆலைப் புகை, ஈரக் காற்று, தெருமுனையில் நிற்கும் இளைஞன், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் அவனுடைய அம்மா.

பிம்ப் சி, இயற்பெயர் சாட் லமான்ட் பட்லர், 1973 டிசம்பர் 29 அன்று பிறந்தார். அப்பா தொழில்முறை ட்ரம்பெட் கலைஞர். சாட் சிறுவனாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அம்மா வெஸ்லின், பள்ளி ஆசிரியராகவும் நூலகராகவும் இருந்தவர். பின்னாளில் அவர் மணந்துகொண்ட பில் மன்றோ, பள்ளியில் வாத்தியக் குழுவை நடத்திய இசை ஆசிரியர். ஆக, பெற்ற தகப்பன் ஊதுகிறவர், வளர்த்த தகப்பன் ஊதக் கற்றுக்கொடுக்கிறவர். சாட் பள்ளிப் பாடகர் குழுவில் முறைப்படி குரல் பயின்றார். பியானோவும் பழகினார்.

நியூயார்க் ராப் குழுவான ரன் டி.எம்.சி. பாணியில் வெறும் தாள இயந்திரத்தை வைத்து அவர் முதலில் செய்த முயற்சிகளைக் கேட்ட வளர்ப்புத் தந்தை, இது சத்தமாகத்தான் இருக்கிறது, இதில் கொஞ்சம் இசையைப் போட்டால் உருப்படும் என்கிற பொருளில் சொன்னாராம். சாட் இதைப் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். எனக்கு இது வெறும் வீட்டுக் கதையாகப் படவில்லை. அடுத்த இருபது ஆண்டு அவர் செய்த அத்தனைக்கும் இதுதான் வரைபடம்.

அம்மாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். தென்மாநில ராப் உலகம் முழுக்க அவரை 'மாமா வெஸ்', அதாவது அம்மா வெஸ், என்றுதான் அழைத்தது. மகனின் குழுவுக்கு மேலாளராக இருந்து, கச்சேரிக்குத் தேதி கொடுத்து, பணத்தை எண்ணி வாங்கி, வீட்டுக்கு வருகிற பையன்களுக்குச் சாப்பாடும் போட்டவர் அவர்.

அப்படிப்பட்ட அம்மாவின் பிள்ளை தனக்கு வைத்துக்கொண்ட பெயர் பிம்ப் சி. பிம்ப் என்றால் பெண்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன். பாடல்களில் பெண்களைப் பற்றி அவர் பேசும் விதம் பல இடங்களில் காது கூசும்படி இருக்கிறது. அது ஒரு வேடம், தெருவின் மொழி, 1970களின் திரைப்படங்களிலிருந்து வந்த தோரணை என்றெல்லாம் காரணம் சொல்லலாம். அந்தக் காரணங்களைக் கொண்டு அதைக் கழுவிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் இசையை நேசிக்கிற எவரும் இந்த உறுத்தலோடுதான் நேசிக்க வேண்டியிருக்கிறது.

சந்தைக் கடையிலிருந்து நியூயார்க்குக்கு

சாட்டுக்குத் துணையாக வந்து சேர்ந்தவர் பெர்னார்ட் ஃப்ரீமன், ராப் பெயர் பன் பி. இருவர் குரலும் இரு துருவம். பன் பியின் குரல் கனமானது. சொற்களை நெருக்கி நெருக்கி அடுக்கி, மூச்சு வாங்காமல் போவார். பிம்ப் சியின் குரல் மேலே நிற்பது, கொஞ்சம் மூக்கில் வருவது. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, வளைத்து, வேண்டுமென்றே தாமதமாகக் கொண்டுபோய்த் தாளத்தில் போடுவார். பேச்சும் பாட்டும் கலக்கிற அந்த இழுவை அந்த ஊர் நாக்கிலேயே இருக்கிறது. அதை மறைத்து நியூயார்க்காரரைப்போலப் பேச அவர் ஒருநாளும் முயலவில்லை. குழுவின் பெயர் 'அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்', சுருக்கமாக யூ.ஜி.கே.

முதல் பதிவு வந்த வழியே அந்தக் காலத்துத் தென்மாநில ராப் எப்படிப் பிழைத்தது என்பதற்குச் சான்று. ஹூஸ்டனில் கிங்ஸ் ஃப்ளீ மார்க்கெட் என்றொரு சந்தை. அதில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ரஸல் வாஷிங்டன், பிக் டைம் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தையும் நடத்தினார். 1992இல் யூ.ஜி.கே.யின் முதல் குறுந்தொகுப்பு 'தி சதர்ன் வே' அங்கிருந்துதான் வந்தது. சந்தையில் யார் எதைக் கேட்டு நிற்கிறார்கள், எந்தக் கேசட்டை மறுபடி வந்து வாங்குகிறார்கள் என்பது கடைக்காரருக்கு உடனே தெரியும். வாய்வழியாகப் பேச்சு பரவியது. அதே ஆண்டு நியூயார்க்கின் ஜைவ் ரெக்கார்ட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது.

முதல் ஆல்பம் 'டூ ஹார்ட் டு ஸ்வாலோ' 1992 நவம்பரில் வந்தபோதே உரசல் தெரிந்தது. நிறுவனம் ஏற்காத சில பாடல்களை வெளியே வைத்துவிட்டார்கள். அவை அதே ஆண்டு 'பேன்ட்' என்ற பெயரில் பிக் டைம் வழியாகத் தனியாக வந்தன. நியூயார்க் ஒதுக்கியதை ஹூஸ்டன் சந்தை விற்றது. 1993இல் அவர்களுடைய ஒரு பாடல் 'மெனஸ் டூ சொசைட்டி' படத்தின் இசைத்தொகுப்பில் இடம்பெற்று, டெக்சாஸுக்கு வெளியிலும் பெயர் தெரிந்தது. 1994இல் 'சூப்பர் டைட்'. ஒவ்வொரு ஆல்பத்திலும் இயந்திரத் தாளம் பின்னால் போய், கையால் வாசிக்கிற வாத்தியங்கள் முன்னால் வந்தன.

அப்போது ராப்புக்குத் தலைநகரம் இரண்டுதான்: நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ். 1995 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்த, சோர்ஸ் என்ற ஹிப் ஹாப் பத்திரிகையின் விருது விழாவில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழு விருது வாங்க மேடையேறியபோது கூட்டம் கூச்சலிட்டுக் கேலி செய்தது. தென்பகுதிக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று அந்தக் குழுவின் ஆந்த்ரே 3000 அந்த மேடையிலேயே பதில் சொன்னார். 'ரைடின் டர்ட்டி' வந்தது அதற்கு ஒரு வருடம்கூட ஆகாமல்.

ஆர்கனும் காரும்

தான் செய்வது ஹிப் ஹாப்பே அல்ல, 'கன்ட்ரி ராப் ட்யூன்ஸ்' என்று பிம்ப் சி பிடிவாதமாகச் சொல்லிவந்தார். நம் பேச்சில் சொன்னால், பட்டிக்காட்டு ராப் மெட்டு. பட்டிக்காட்டான் என்று மற்றவர்கள் இளக்காரமாகச் சொன்னதை எடுத்துத் தன் கடைப் பெயர்ப்பலகையாக மாட்டிக்கொண்டார். இதில் 'மெட்டு' என்ற சொல் முக்கியம். நியூயார்க் பாணியில் பழைய இசைத்தட்டிலிருந்து இரண்டு நொடித் துண்டை வெட்டி, அதைச் சுழலவிட்டு, மேலே சொல்லை அடுக்குவார்கள். சொல்தான் அங்கே அரசன். பிம்ப் சி அந்த வெட்டுத்துண்டை ஒரு விதையாக மட்டும் எடுத்துக்கொண்டார். அதன் மேல் ஆர்கனும் கிட்டாரும் பேஸ் கிட்டாரும் ஆட்களே உட்கார்ந்து வாசித்தார்கள். லூசியானாக்காரரான என்.ஓ. ஜோ தயாரிப்பில் அவருக்குத் துணை நின்றார்.

அந்த ஆர்கன் கறுப்பினத் தேவாலயத்தின் ஆர்கன். சுருதி நீண்டு, நடுங்கி, அடுத்த சுரத்துக்குத் தயங்கித் தயங்கி வழியும். தேவாலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது பின்னால் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கிற ஒலி அது. பிம்ப் சி அதைப் போதைப்பொருள் விற்கிறவனின் கதைக்குப் பின்னால் ஓடவிட்டார். கேட்கிறவன் உடம்பில் இது என்ன செய்கிறது என்பதை விளக்குவது கடினம். வார்த்தை பெருமை பேசிக்கொண்டிருக்கும்போதே, அடியில் ஓடுகிற இசை இவனுக்காக யாரோ எங்கோ ஜெபம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்று நிமிடம் பாவமும் பச்சாதாபமும் ஒரே சுருதியில் நிற்கும்.

'ரைடின் டர்ட்டி'யின் முதல் முழுப் பாட்டான 'ஒன் டே' இதற்கு உச்சம். ஐஸ்லி பிரதர்ஸ் குழுவின் பழைய மென்பாட்டு ஒன்றிலிருந்து முளைத்த மெட்டு. பல்லவியை ரானி ஸ்பென்சர் பாடுகிறார். இன்று இருக்கிறவன் நாளை இல்லை என்பதுதான் பொருள். சிறைக்குப் போன சிநேகிதர்கள், செத்துப்போனவர்கள், வீட்டுத் தீயில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். 22 வயதில் ஒருவர் செய்த இசை இது. ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பாட்டின் நடை அந்நியமாகத் தெரியாது. செத்தவன் பெயரைச் சொல்லி, அவன் பெருமை சொல்லி, பிறகு சொல்கிறவளின் தன் துக்கத்துக்குத் திரும்புகிற அதே நடை.

ஆல்பத்தின் பாட்டுகளுக்கு நடுவே சிறையில் இருந்த ஒரு நண்பரின் பேச்சு வந்து வந்து போகும். உள்ளே இருந்தபடியே அவர் பதிவு செய்து அனுப்பிய குரல். அதை ஏன் சேர்த்தார்கள் என்று முதல்முறை கேட்டபோது எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டபோது புரிந்தது: காரில் போகிறவனின் கதையைக் காருக்குள் உட்கார முடியாதவன் சொல்கிறான்.

கார் இல்லாமல் இந்த இசை இல்லை. கிழக்கு டெக்சாஸில் பேருந்தும் ரயிலும் பேருக்குத்தான். எல்லாத் தூரமும் காரில்தான். ஹூஸ்டன் இளைஞர்கள் பழைய கேடிலாக், ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளை வாங்கி, மிட்டாய் போல மின்னும் பூச்சு அடித்து, வெளியே முழங்கைபோல நீளும் கம்பிச் சக்கரம் மாட்டி, பின்பெட்டி நிறைய ஸ்பீக்கர் வைத்து, ஊர்வலம் போல மெதுவாக ஓட்டுவார்கள். அந்த வண்டிக்கு 'ஸ்லாப்' என்று பெயர். வேகமான பாட்டு மெதுவான வண்டிக்கு ஒத்துவராது. பேஸ் ஒலி நீளமாக, வட்டமாக இருந்தால்தான் இருக்கை வழியாக முதுகில் ஏறும். பிம்ப் சி இந்தப் பின்பெட்டிக்காகவே தன் பேஸை அமைத்தார். சிவப்பு விளக்கில் நிற்கிற ஒரு வண்டியிலிருந்து வருகிற பாட்டு பக்கத்து வண்டிக்காரனின் கண்ணாடியை அதிரவைக்கும். அவன் கண்ணாடியை இறக்கி, இது யார் பாட்டு என்று கேட்பான்.

என் முதல் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வீடியோ செய்யாததைச் சிவப்பு விளக்கு செய்தது. வானொலி செய்யாததைச் சந்தைக் கடையும், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா சிற்றூர்களின் சின்னச் சின்ன கிளப் மேடைகளும் செய்தன. ப்ளூஸ் கலைஞர்கள் இரண்டு தலைமுறையாக நடந்த தடம் அது. யூ.ஜி.கே. அதே தடத்தில் வண்டி ஓட்டியது. ஜைவ் நிறுவனம் 1990களின் கடைசியில் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், பிரிட்னி ஸ்பியர்ஸ் என்று உலகச் சந்தைக்குப் போனது. அந்த நிறுவனத்துக்கு விற்கத் தெரியாதென்று யாரும் சொல்ல முடியாது. தன் கையில் இருந்த இந்த இசை யாருக்கானது என்பதை அறிய அது பெரிதாக முயலவில்லை என்பதே என் கணிப்பு. 1996க்கும் அடுத்த ஆல்பத்துக்கும் நடுவே ஐந்து ஆண்டு போனது. அவர்கள் கை மிகவும் தேர்ந்திருந்த ஐந்து ஆண்டு அது.

பெரிய மேடையும் சிறைக்கதவும்

அந்த இடைவெளியில்தான் நியூயார்க்கின் ராப் நட்சத்திரம் ஜே-ஸீயிடமிருந்து ஒரு பாட்டில் சேர்ந்து பாட அழைப்பு வந்தது. டிம்பலண்ட் இசையமைத்த 'பிக் பிம்பின்'. எகிப்தின் பலீக் ஹம்தி அமைத்து அப்தெல் ஹலீம் ஹாஃபிஸ் பாடிய மெட்டின் புல்லாங்குழல் அதில் துள்ளும். பன் பிக்கு மகிழ்ச்சி. பிம்ப் சிக்கோ அறவே பிடிக்கவில்லை. இத்தனை ஆண்டு தெருவில் சம்பாதித்த பெயரை இந்தத் துள்ளல் கெடுத்துவிடும் என்று பயந்தார். பலரும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்த பிறகு, மிகக் குறுகிய ஒரு பகுதியை மட்டும் பாடிக்கொடுத்தார். வீடியோவுக்காக டிரினிடாட் கார்னிவலுக்கு எல்லோரும் போனார்கள். அவர் போகவில்லை. மயாமியில் அவரைத் தனியாகப் படம்பிடித்தார்கள், அதுவும் அந்த வெயிலில் ரோமக் கோட்டோடு. 2000இல் பாட்டு பில்போர்டின் 18ஆம் இடம் வரை போனது. அமெரிக்காவின் பெரும்பகுதி அவர் முகத்தை முதல்முறை பார்த்தது அப்போதுதான்.

அதே சமயத்தில் மெம்ஃபிஸின் த்ரீ சிக்ஸ் மாஃபியாவோடு சேர்ந்து யூ.ஜி.கே. பாடிய இன்னொரு பாட்டும் தென்மாநிலம் முழுக்க ஒலித்தது. அது சிரப் எனப்படும் இருமல் மருந்துப் போதையைப் பற்றிய பாட்டு. அந்தப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

மேடை கிடைத்த வேளையில் அவர் கையே அதைத் தள்ளிவிட்டது. ஹூஸ்டன் வணிக வளாகம் ஒன்றில் நடந்த வாக்குவாதத்தில் துப்பாக்கியைக் காட்டியதாக வழக்கு. சமூகசேவை உள்ளிட்ட நிபந்தனைகளோடு வெளியில் இருந்தவர் அவற்றை ஒழுங்காக நிறைவேற்றவில்லை. 2001 நவம்பரில் 'டர்ட்டி மனி' ஆல்பம் வந்தது. 2002 ஜனவரியில் 8 ஆண்டுச் சிறைத்தண்டனை. நிறுவனத்தின் அலட்சியத்தைப் பேசுகிற அதே மூச்சில் இதையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கதவை வேறு யாரும் சாத்தவில்லை.

வெளியே இருந்தவரின் செயல்தான் இந்தக் கதையில் என்னை அதிகம் நெகிழவைத்தது. பன் பி நினைத்திருந்தால் குழுவை முடித்துக்கொண்டு தனியாகப் போயிருக்கலாம். அவர் யார் கூப்பிட்டாலும் போய் அவர்கள் பாட்டில் ஒரு பகுதி பாடினார். டஜன் கணக்கில் பாடினார். ஒவ்வொன்றிலும் எங்காவது ஒரு இடத்தில் பிம்ப் சியை விடுதலை செய் என்ற சொல்லை வைத்தார். அந்தச் சொல் சட்டைகளில் ஏறியது, மற்றவர்களின் பாட்டுகளில் ஏறியது. 2005இல் மைக் ஜோன்ஸ், ஸ்லிம் தக், பால் வால், சமில்லியனேர் என்று ஹூஸ்டன்காரர்கள் நாடெங்கும் வெற்றிபெற்றபோது, அவர்கள் நின்ற தளத்தைப் போட்டவர் சிறையில் இருக்கிறார் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே இருப்பவனைப் பற்றிப் பேசிப் பேசியே வெளியே அவனுக்கு இடத்தைப் பிடித்து வைத்திருந்தார் ஒரு நண்பர். துண்டு போட்டு வைப்பது என்போமே, அப்படி.

2005 டிசம்பர் 30 அன்று, 32ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், பரோலில் வெளியே வந்தார். 2006இல் தனி ஆல்பம். 2007 ஆகஸ்ட் 7இல், பலமுறை தள்ளிப்போன இரட்டை ஆல்பம் 'அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்' வந்து பில்போர்டின் முதலிடத்தில் நேராகப் போய் உட்கார்ந்தது. சந்தைக் கடையிலிருந்து அங்கே போக 15 ஆண்டு ஆகியிருக்கிறது. அதில் அவுட்காஸ்ட்டோடு சேர்ந்து பாடிய பாட்டுக்கு கிராமி பரிந்துரை கிடைத்தது. ஆந்த்ரே 3000 தாளமே இல்லாமல் பேசித் தொடங்க, பிம்ப் சியின் முறை வரும்போதுதான் தாளம் முழு பலத்தோடு விழும். சோர்ஸ் மேடையில் கேலிக்கு ஆளானவரும் நியூயார்க் கண்டுகொள்ளாதவரும் ஒரே பாட்டில் நிற்கிறார்கள்.

அந்த ஆண்டு அவர் நிலையாக இருந்தார் என்று சொல்ல முடியவில்லை. கோடையில் ஓஸோன் பத்திரிகைப் பேட்டியில் சக கலைஞர்கள் பலரைக் கடுமையாகத் தாக்கினார். பிறகு மன்னிப்பும் கேட்டார். நான்கு ஆண்டு அடைபட்டவரின் அவசரம் அவர் பேச்சில் தெரிந்தது.

டிசம்பர் 4

2007 டிசம்பர் 4 காலை, வெஸ்ட் ஹாலிவுட்டில் மோன்ட்ரியன் விடுதி அறையில் அவர் படுக்கையில் இறந்து கிடந்தார். 34 வயதாக இன்னும் 25 நாள் இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட மரண விசாரணை அலுவலகம் 2008 பிப்ரவரியில் முடிவைச் சொன்னது: விபத்து மரணம். ப்ரோமெதசின், கோடீன் ஆகிய மருந்துகளின் விளைவும், உறுதிப்படுத்த முடியாத பிற காரணிகளும். அவருக்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் ஏற்கெனவே இருந்தது என்பதையும், மருந்தும் அந்த நோயும் சேர்ந்து மூச்சை அடக்கியிருக்கக்கூடும் என்பதையும் அலுவலகம் சுட்டிக்காட்டியது.

போதையில் செத்தார் என்ற ஒரு வரியில் இது அடங்காது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

ஹூஸ்டனில் 'சிரப்', 'லீன்', 'டிராங்க்' என்றெல்லாம் சொல்வது மருத்துவர் சீட்டுக்குக் கொடுக்கிற ஒரு இருமல் மருந்தை. அதில் இரண்டு சரக்கு உண்டு. கோடீன், அபினி வகையைச் சேர்ந்த வலி மருந்து. ஈரலில் ஒரு நொதி அதன் ஒரு பங்கை மார்ஃபினாக மாற்றுகிறது. இந்த மாற்றம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்கு மெதுவாக நடப்பது இன்னொருவருக்கு வெகுவேகமாக நடந்துவிடும். ப்ரோமெதசின் ஒவ்வாமைக்கும் குமட்டலுக்கும் தருகிற மருந்து, நன்றாகத் தூக்கம் வரவழைக்கும். இரண்டும் மூளையை மந்தப்படுத்துகிறவை. ஒன்றோடொன்று சேர்ந்தால் மந்தமும் கூடும். அதைச் சோடாவில் கலந்து, தெர்மாகோல் கோப்பையில் மெல்ல மெல்லக் குடிப்பார்கள். இனிப்பாக இருப்பதால் மருந்து என்ற எண்ணமே வராது. மருத்துவர் எழுதித் தருவது என்பதால் பயமும் வராது.

ஸ்லீப் ஆப்னியா உள்ளவருக்குத் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுக்குழாயை அடைத்துவிடும். சில நொடிகள் மூச்சு நிற்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு ஏறியதும் மூளை பதறி அவரை அரைகுறையாக எழுப்பும். பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். ஓர் இரவில் இது நூறு தடவைகூட நடக்கலாம். அந்தப் பதற்றம்தான் அவரைக் காப்பாற்றுகிறது. அபினி வகை மருந்து அடக்குவது சரியாக அந்தப் பதற்றத்தை. கரியமில வாயு ஏறினாலும் மூளை அலறாது. தசையும் இன்னும் அதிகமாகத் தளரும். விழித்திருக்கும் ஒருவரைக் கொல்லாத அளவுகூட, இப்படித் தூங்குகிற ஒருவரைக் கொல்லப் போதும். மூக்கில் பொருத்திக் காற்றைச் செலுத்துகிற சிபாப் கருவி இந்த நோய்க்கு அப்போதே இருந்தது. இப்போதும் பலரும் குறட்டைதானே என்று விட்டுவிடுகிறார்கள். இதைப் படிக்கிற வீடுகளிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அவருக்கு யாராவது தூக்க மருந்தோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ தருவதற்கு முன் மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

முன்னெச்சரிக்கை இல்லாமல் இது நடக்கவில்லை. ஹூஸ்டன் இசையின் வேகத்தை வெகுவாகக் குறைத்து உலகத்துக்கே ஒரு புது ஒலியைத் தந்த டி.ஜே. ஸ்க்ரூ, 2000 நவம்பர் 16 அன்று தன் ஸ்டூடியோவில் இறந்து கிடந்தார். கோடீனோடு வேறு போதைப்பொருள்களும் உடலில் இருந்தன. அவருக்கு வயது 29. சிரப்பைப் பாடிய பாட்டு அதே ஆண்டில்தான் தெருவெல்லாம் ஓடியது. ஒரு ஊர் தன் சிநேகிதனைப் புதைத்துவிட்டு அவனைக் கொன்றதைத் தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தது. பிம்ப் சியும் பாடினார். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். பாட்டில் புகழ்கிறவனும் அதே கோப்பையில் மாட்டிக்கொண்டவன்தான். அவன் சொல்வதை நம்பி வாங்குகிற பதினேழு வயதுப் பையனுக்கு அது தெரியாது.

பிற்பாடு

பிம்ப் சி விட்டுப்போன பதிவுகளை வைத்து பன் பி 2009 மார்ச்சில் 'யூ.ஜி.கே. ஃபார் லைஃப்' ஆல்பத்தை முடித்தார். குழுவின் பெயரில் இதுதான் கடைசி என்று அறிவித்தார். 2011இல் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் மதமும் ஹிப் ஹாப்பும் என்ற பாடத்தை, பேராசிரியர் ஆந்தனி பின்னோடு சேர்ந்து நடத்தினார். தேவாலய ஆர்கனைத் தெருவுக்குக் கொண்டுவந்த குழுவின் ஆள் அதைப் பாடமாக நடத்தியதில் எனக்கு வியப்பில்லை. மாமா வெஸ் 2013இல் காலமானார். மகன் போய் ஆறு ஆண்டு அவர் அந்த ஊரிலேயே இருந்தார்.

போர்ட் ஆர்தரில் 'ட்ரூ' (உண்மை), 'ரியல்' (அசல்) என்கிற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து 'ட்ரில்' என்று சொல்வார்கள். யூ.ஜி.கே. பாட்டுகள் வழியாக வெளியே வந்த அந்தச் சொல்லை இன்று போர்ட் ஆர்தர் எங்கே இருக்கிறது என்றே தெரியாத நாட்டுப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். தென்மாநில ராப்பில் இழுத்துப் பாடுவதும், மெதுவான தாளமும், கோரஸைத் தானே பாடும் ராப் கலைஞரும் இன்று உலகத்துக்கே பழகிப்போன ஒலி. அட்லாண்டாவிலிருந்து வருகிற பாதிப் பாட்டுகளில் அந்த நடுங்கும் ஆர்கனின் சாயல் எனக்குக் கேட்கிறது.

பிம்ப் சியைக் கேட்க விரும்புகிறவர்கள் 1996 ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். இயர்போனில் வேண்டாம். ஒரு நல்ல ஸ்பீக்கர் இருக்கிற வண்டியில், இரவில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில். 'ஒன் டே' தொடங்கும்போது பேஸ் முதலில் இருக்கையில் வந்து தொடும், பிறகுதான் குரல் வரும்.